நான்காவது இலக்கம்

ஜூடோ நடுவர்களிடம் முன்பு ஒரு கைச் சைகை இருந்தது. முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, உள்ளங்கையை முன்னால் காட்டி, கட்டைவிரல் தோளைப் பார்க்கும்படி நிறுத்துவார்கள். வகுப்பில் பதில் பாதி தெரிந்த பிள்ளை தயங்கித் தயங்கி உயர்த்தும் கையைப் போலிருக்கும். கூடவே குரல் வரும்: “கோகா!” புள்ளிப் பலகையின் கடைசிக் கட்டத்தில் ஒன்று ஏறும். 2009 ஜனவரியில் அந்தக் கட்டத்தைப் பலகையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அதன்பின் எந்த உலகப் போட்டியிலும் அந்தக் கை உயரவில்லை.

போய்ச் சேர்ந்த மனிதர்களுக்கு இரங்கல் எழுத ஆள் இருக்கிறது. ஒரு புள்ளிக்கு யார் எழுதுவார்கள்? நான் எழுத நினைக்கிறேன். ஜெர்மனியின் இவோன் பேனிஷ் ஆடிய ஆட்டங்களை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்தவன் நான். அவர் ஓய்வு பெற்றதைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் கை தானாகக் கோகாவிடம் போய் நின்றுவிடுகிறது. அவர் ஆடிய காலமும் அந்தப் புள்ளி உயிரோடிருந்த காலமும் எனக்கு ஒன்றுதான்.

கோகா என்றால் ஜப்பானிய மொழியில் ‘விளைவு’ என்று பொருள். ஏதோ நடந்தது, அதனால் ஏதோ ஆயிற்று, அவ்வளவுதான் அந்தச் சொல்லில் இருக்கிறது. நான்கு புள்ளிகளில் அது கடைக்குட்டி. மூத்தது இப்போன். எதிராளியை வேகத்தோடும் விசையோடும் எறிந்து, முதுகு முழுக்கத் தரையில் அறையும்படி வீழ்த்தினால் இப்போன். ஆட்டம் அங்கேயே முடிந்தது. அதற்கு ஒரு மாற்று குறைந்தது வாசா-ஆரி. இரண்டு சேர்ந்தால் ஓர் இப்போன். அதற்கும் கீழே யூகோ, எதிராளி பக்கவாட்டில் விழும்போது கிடைப்பது. எல்லாவற்றுக்கும் அடியில் கோகா. தொடையிலோ பிட்டத்திலோ எதிராளியை உட்காரவைத்தால் போதும், ஆனால் அதிலும் வேகம் வேண்டும், விசை வேண்டும், எறிந்தவரின் கட்டுப்பாடு வேண்டும். தானாகச் சறுக்கி உட்கார்ந்தவருக்கு எதிராகக் கோகா கிடையாது.

தரையில் அடக்கிப் பிடிப்பதற்கும் இதே படிநிலைதான். 2003ஐ ஒட்டி இருந்த விதியின்படி எதிராளியை மல்லாக்க அழுத்தி 25 வினாடி வைத்திருந்தால் இப்போன். 20 வினாடி தாண்டிய பிறகு நழுவவிட்டால் வாசா-ஆரி, 15 தாண்டினால் யூகோ, 10 தாண்டினால் கோகா. பத்து வினாடி என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுமில்லை. மூச்சு முட்ட, ஒருவரின் மார்பு உங்கள் முகத்தின் மேல் கிடக்க, இடுப்பைத் தூக்கித் தூக்கிப் போராடும் ஆளிடம் கேட்டுப்பாருங்கள்.

என்னிடம் ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கிறது. பழைய ஆட்டங்களின் பதிவுகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஒவ்வொரு ஆட்டத்தின் புள்ளியையும் அதில் எழுதி வைப்பேன். அந்தக் காலத்து முடிவுத் தாள்களில் எப்படி அச்சிட்டார்களோ அப்படியே, நான்கு இலக்கங்களில். 1000 என்றால் இப்போன். 0100 என்றால் வாசா-ஆரி. 0010, யூகோ. 0001, கோகா. ஒருவர் இரண்டு யூகோவும் ஒரு கோகாவும் எடுத்திருந்தால் 0021. இந்த எழுத்துமுறையில் ஓர் அழகு உண்டு. இரண்டு எண்களையும் சாதாரண எண்களாகப் படித்தாலே யார் ஜெயித்தார் என்று தெரிந்துவிடும். பெரிய எண்ணுக்கு வெற்றி. 0010க்கு முன்னால் 0003 தோற்கும், 0007 தோற்கும், 0009உம் தோற்கும்.

ஆம், கோகாக்கள் கூடி யூகோ ஆவதில்லை. சிறுதுளி பெருவெள்ளம் என்ற நம் பழமொழி அந்தப் பலகையில் செல்லாது. எத்தனை கோகா எடுத்தாலும் அவை கோகாவாகவேதான் நிற்கும். எதிராளி ஒரே ஒரு யூகோ எடுத்த கணத்தில் அத்தனையும் பின்னால் போய்விடும். இதை அநியாயம் என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. சிறியதைச் சிறியது என்றே சொன்னது, ஆனால் இல்லை என்று சொல்லவில்லை. அதுதான் கோகாவின் நேர்மை.

ஒரு கோகா எப்படிப் பிறக்கும் என்று கிட்டே போய்ப் பார்க்கலாம். கோ-உச்சி-காரி என்று ஒரு நுணுக்கம். ‘காரி’ என்றால் கதிர் அறுப்பது. எதிராளி வலது காலை முன்னால் வைக்கிறார். பாதம் விரிப்பைத் தொட்டுவிட்டது, உடம்பின் எடை இன்னும் அதில் முழுதாக இறங்கவில்லை. அந்த இமைப்பொழுதில் உங்கள் உள்ளங்கால் உள்பக்கமாகப் புகுந்து அவருடைய குதிகாலை அரிவாளால் இழுப்பதுபோல் வாரி இழுக்கும். அதே நேரத்தில் கழுத்துப்பட்டியைப் பிடித்த கை அவரைப் பின்னால், கீழே, அந்தக் கால் நின்ற பக்கத்துக்கே தள்ளும். எடை இறங்கிய பிறகு வாரினால் மரத்தை உதைத்த மாதிரி கால்தான் வலிக்கும். இறங்குவதற்கு வெகுமுன்னே வாரினால் அவர் காலைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். சரியாக விழுந்தால்கூடப் பெரும்பாலும் முதுகு படாது. நல்ல ஆட்டக்காரர் காற்றிலேயே இடுப்பைத் திருப்பி ‘தொப்’பென்று உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்த வேகத்தில் புரண்டு குப்புறப் படுத்துவிடுவார். எல்லாம் ஒரு வினாடிக்குள் முடிந்துவிடும். அரங்கில் பாதிப் பேருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. நடுவருக்குத் தெரியும். கை மடங்கி உயரும்.

அந்த நாட்களில் நடுவர் ஒருவர் மட்டுமல்ல. விரிப்பின் எதிரெதிர் மூலைகளில் நாற்காலி போட்டு இரண்டு மூலை நடுவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். நடு நடுவரின் கணிப்பு தவறென்று பட்டால் அவரவர் தம் சைகையைக் காட்டுவார்கள். நடுவில் நிற்பவர் யூகோ என்கிறார், ஒரு மூலை கோகா என்கிறது, இன்னொரு மூலை வாசா-ஆரி என்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவரின் யூகோவே நிற்கும். மூன்று பேர் மூன்று கோணத்திலிருந்து ஒரு விழுகையை எடைபோட்ட காட்சி அது. ஒரு பெண் எப்படி விழுந்தாள், இடுப்பு முதலில் பட்டதா, தோள் பட்டதா, எவ்வளவு வேகம் என்று மூன்று பேர் அக்கறையோடு கருத்து வேறுபட்டார்கள். இப்போது விரிப்பில் ஒரே நடுவர், காதில் ஒலிக்கருவி, மேசையில் காணொளி. பிழைகள் குறைந்திருக்கின்றன, மறுக்கவில்லை. அந்த நாற்காலிகளும் போய்விட்டன.

இனி பேனிஷ். 1980 டிசம்பர் 29 அன்று லுட்விக்ஸ்ஃபெல்டவில் பிறந்தவர். பெர்லினுக்குத் தெற்கே பிராண்டன்பர்க் சமவெளியிலுள்ள அந்த ஊர், கிழக்கு ஜெர்மனி இருந்த காலத்தில் டபிள்யூ-50 என்ற லாரிக்குப் பேர்போனது. அந்த லாரியும் அதைச் செய்த நாடும் 1990இல் ஒன்றாகவே நின்றுபோயின. அப்போது அவருக்கு வயது ஒன்பது. பிறகு போட்ஸ்டாம் கழகத்தின் சீருடையில்தான் உலகம் அவரைப் பார்த்தது. எடைப்பிரிவு 57 கிலோ.

அவருடைய பெரிய ஆட்டங்களை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: 2003 ஒசாகா உலகப் போட்டியில் வெள்ளி, 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம், 2005 கெய்ரோ உலகப் போட்டியில் வெள்ளி. மூன்று ஆண்டுகள், மூன்று இறுதி ஆட்டங்கள். மூன்றிலும் எதிரே நின்றவர் ஒருவர்தான், வட கொரியாவின் கே சுன்-ஹுய்.

கேயைப் பற்றிச் சொல்லாமல் பேனிஷைப் பற்றிச் சொல்ல முடியாது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் பதினாறு வயதுப் பெண்ணாக, சிறப்பு அனுமதிச் சீட்டில் உள்ளே வந்து, 48 கிலோ இறுதியில் ஜப்பானின் தமுரா ரியோகோவை வீழ்த்தியவர் கே. தமுரா அதற்கு முன் தொடர்ந்து 84 ஆட்டங்களில் தோற்காதவர். அதன்பின் கே 52 கிலோவுக்கும் 57 கிலோவுக்கும் ஏறி, 2001, 2003, 2005, 2007 என்று நான்கு உலகப் பட்டங்கள் வாங்கினார். அப்படிப்பட்ட ஒருவரை 2004 ஆகஸ்ட் 16 அன்று, ஏதென்ஸின் அனோ லியோசியா அரங்கில், ஒலிம்பிக் இறுதியில் பேனிஷ் வென்றார். அந்த ஒலிம்பிக்கில் ஜெர்மனிக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. ஒலிம்பிக் ஜூடோவில் தங்கம் வென்ற முதல் ஜெர்மானியப் பெண்ணும் அவரே. 2024 பாரிஸ் வரைக்கும் இரண்டாவது ஒருத்தி வரவில்லை.

இறுதி ஆட்டத்தில் இரண்டு முறை தோற்றவர், ஒரு முறை ஜெயித்தவர் என்று மட்டும் பார்த்தால் கேயே பெரியவர். ஆனால் இப்படி மூன்று வருடம் ஒரே ஆளை எதிர்கொள்வது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். இருவருக்கும் அடுத்தவரின் பிடி தெரியும். எந்தக் கை முதலில் கழுத்துப்பட்டிக்குப் போகும், எந்தக் காலில் எடை நிற்கும், மூச்சு வாங்கும்போது எந்தப் பக்கம் நகர்வார் என்பதெல்லாம் தெரியும். அப்படித் தெரிந்த இரண்டு பேருக்கிடையில் இப்போன் அபூர்வமாகத்தான் விழும். அங்கே நடப்பதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். அரை அடி பின்வாங்கியது, ஒரு கை நழுவியது, ஒரு கணம் இடுப்பு ஆடியது. பெரிய எறிகளை யாரும் பார்ப்பார்கள். இந்தச் சின்ன விஷயங்களைப் பார்க்கத் தெரிந்த ஒரு பலகை முன்னால் அவர்கள் ஆடினார்கள் என்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன்.

நம் முன்னோர் எண்சுவடியில் முந்திரிக்கும் கீழே, அதற்கும் கீழே, இம்மி என்றொரு அளவு இருந்தது. இன்று யாரும் இம்மியால் அளப்பதில்லை. ஆனால் ‘இம்மியளவும் பிசகவில்லை’ என்று இன்றும் சொல்கிறோம். அளவு போனாலும் சொல் பிழைத்துக்கொண்டது. கோகாவுக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. சொல் போய்விட்டது, அது அளந்த காரியம் மட்டும் ஒவ்வொரு ஆட்டத்திலும் இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கிறது. குதிகாலை வாருகிறார்கள். எதிராளி தொப்பென்று உட்காருகிறார். யாரும் எதையும் எழுதிக்கொள்வதில்லை.

கோகா பழங்காலத்துப் பொருள் அல்ல. ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ 1882இல் கோடோகான் பள்ளியைத் தொடங்கியபோது அது கிடையாது. 1964 டோக்கியோவில் ஜூடோ முதல்முறை ஒலிம்பிக்குக்கு வந்தபோதும் கிடையாது. 1970களின் நடுப்பகுதியில்தான் யூகோவும் கோகாவும் விதிப்புத்தகத்தில் சேர்ந்தன. அதற்குமுன் இப்போனும் வாசா-ஆரியும் விழாத ஆட்டத்தை நடுவர்கள் கூடித் தீர்மானித்தார்கள். யார் கை ஓங்கியிருந்தது என்பது அவர்கள் கண்ணைப் பொறுத்தது. அந்தத் தீர்ப்பைச் சில்லறையாக உடைத்து, நடந்த கணத்திலேயே பலகையில் எழுதிவைக்கத்தான் இந்த இரண்டு சின்னப் புள்ளிகளும் வந்தன. தோற்றவருக்கும் தான் ஏன் தோற்றோம் என்று தெரிய வேண்டும் அல்லவா?

பெண்கள் ஜூடோவின் கதையோடு அது சேர்ந்தே வளர்ந்தது. பெண்களுக்கான முதல் உலகப் போட்டி 1980இல் நியூயார்க்கில் நடந்தது. இரண்டு வருடம் கழித்துப் பாரிஸில் பார்பரா கிளாசன் 72 கிலோவில் ஜெர்மனிக்குப் பட்டம் வாங்கித் தந்தார். அதன்பின் அலெக்ஸாண்ட்ரா ஷ்ரைபர் 1987இல், ஃப்ராவ்க ஐக்ஹோஃப் 1991இல், யொஹானா ஹாக்ன் 1993இல் என்று வரிசை தொடர்ந்தது. ஒலிம்பிக்கில் பெண்கள் 1988 சியோலில் காட்சிப் போட்டியாக ஆடி, 1992 பார்சிலோனாவில்தான் முழு உரிமையோடு நுழைந்தார்கள். 1992, 1996, 2000, 2004, 2008 என்று ஐந்து ஒலிம்பிக்குகள், ஐந்திலும் நான்காவது இலக்கம் இருந்தது. ஒலிம்பிக்கில் ஆடிய முதல் தலைமுறைப் பெண்கள் அத்தனை பேரும் கோகா எடுத்தவர்கள், கோகா கொடுத்தவர்கள். ஏதென்ஸில் ஜெர்மனி ஜூடோவில் வாங்கிய நான்கு பதக்கங்களில் மூன்று பெண்களுடையவை: பேனிஷின் தங்கம், 48 கிலோவில் யூலியா மத்தியாஸின் வெண்கலம், 70 கிலோவில் அன்னெட் பேமின் வெண்கலம்.

பேனிஷ் 2008இல் பெய்ஜிங்குக்கும் போனார். பதக்கம் கிடைக்கவில்லை. அவர் ஆடிய கடைசி ஒலிம்பிக் அது. கோகாவுக்கும் அதுவே கடைசி ஒலிம்பிக். இரண்டும் தற்செயல்தான், தெரியும். இருந்தாலும் அந்த ஆகஸ்ட் மாதத்து முடிவுத் தாள்களைத் திறந்தால் எனக்குத் தொண்டை கட்டிக்கொள்கிறது.

கோகா மீது சொல்லப்பட்ட குற்றங்களை மறைத்துவிட்டு இரங்கல் எழுதுவது அதற்குச் செய்யும் மரியாதை ஆகாது. குற்றங்கள் உண்மையானவை. முதல் நிமிடத்தில் ஒரு கோகா எடுத்துவிட்டு மீதி நேரமெல்லாம் எதிராளிக்குப் பிடி கொடுக்காமல் விரிப்பைச் சுற்றிச் சுற்றி வந்தவர்கள் ஏராளம். எறியும் எண்ணமே இல்லாமல், எறிவதுபோல் போக்குக் காட்டி முட்டிபோட்டு விழுந்து நேரத்தைக் கழித்தார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. ஷிடோ என்ற அபராதம் ஒவ்வொன்றும் எதிராளிக்குப் புள்ளியாகப் போய்ச் சேர்ந்தது. முதல் ஷிடோவுக்கு ஒரு கோகா. எனவே பலகையில் 0001 என்று தெரிந்தால், அது ஒரு நல்ல கோ-உச்சி-காரியால் வந்ததா, எதிராளி வெறுமனே நின்றதால் வந்ததா என்று அந்த எண் சொல்லாது. உழைத்துச் சம்பாதித்த புள்ளியையும் சும்மா வந்த புள்ளியையும் ஒரே கட்டத்தில் போட்டார்கள். கோகாவின் பெயர் கெட்டதற்கு இதுவே பெரிய காரணம் என்பது என் கணிப்பு. பெய்ஜிங்கில் தானி ரியோகோ, அதாவது அட்லாண்டாவில் கேயிடம் தோற்ற அதே தமுரா, மணமாகித் தானி ஆனவர், ருமேனியாவின் அலினா துமித்ருவிடம் அரையிறுதியில் தோற்றார். எறியால் அல்ல, ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் வந்த அபராதத்தால். ஏழு உலகப் பட்டங்கள் வென்ற ஒருவரின் ஒலிம்பிக் தங்கக் கனவு அப்படி முடிந்ததைப் பார்த்தவர்கள், சின்னப் புள்ளிகள் மேல் கோபப்பட்டதில் ஆச்சரியம் இல்லை.

2007இல் மரியுஸ் விசெர் சர்வதேச ஜூடோ சம்மேளனத்தின் தலைவரானார். இப்போனை நோக்கி ஆட வேண்டும், தொலைக்காட்சியில் பார்க்கும் புது ஆளுக்கும் ஆட்டம் புரிய வேண்டும் என்பது சம்மேளனத்தின் நோக்கம். நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. முதலில் கையில் அகப்பட்டது கோகா. 2009 முதல் அது இல்லை. முதல் ஷிடோ புள்ளியில்லாத வெறும் எச்சரிக்கையாக ஆனது. அடுத்த வருடம் எதிராளியின் காலை நேரடியாகக் கையால் பிடிப்பதற்குத் தடை வந்தது. 2013இல் இடுப்புப் பட்டைக்குக் கீழே கை படுவதே குற்றமானது. இரண்டு கையால் கால்களை வாரும் மொரோத்தே-காரியும், காலைப் பிடித்துத் தோளில் ஏற்றும் பழைய கத்தா-குருமாவும் அதோடு போட்டி விரிப்பிலிருந்து மறைந்தன. அவற்றுக்கெல்லாம் வருந்த ஆட்கள் உண்டு, உரத்தே வருந்துகிறார்கள். கோகாவுக்காக யாரும் குரல் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.

நீக்கியதால் நோக்கம் நிறைவேறியதா? என் நோட்டை வைத்துச் சொல்கிறேன்: அவ்வளவாக இல்லை. பிட்டத்தில் விழுந்தால் இனி எதுவும் போகாது என்று தெரிந்ததும், ஆட்டக்காரர்கள் அதைத் தற்காப்பாகவே மாற்றிக்கொண்டார்கள். எறி வருகிறதா, உட்கார்ந்துவிடு. முன்பு உட்கார்ந்தால் ஒரு கோகா கடன் ஏறும். அந்தக் கடனுக்குப் பயந்தே கால்களில் நிற்கப் போராடினார்கள். அந்தப் போராட்டம்தான் எனக்குப் பிடித்த ஜூடோ. இரண்டாவது, சமநிலையைப் பிளக்கச் சின்னப் புள்ளி இல்லாதபோது அபராதம் அந்த வேலையைச் செய்தது. 2013க்குப் பிறகு ஷிடோ புள்ளியாக மாறுவது நின்றது, நல்ல விஷயம். ஆனால் புள்ளி சமமாக இருந்தால் ஷிடோ குறைவாக வாங்கியவர் ஜெயித்தார் என்று ஆயிற்று. கோகாவைத் துரத்தியவர்கள் எதிலிருந்து தப்ப நினைத்தார்களோ அதன் மடியிலேயே போய் விழுந்தார்கள்.

2017இல் யூகோவையும் எடுத்தார்கள். பலகையில் இப்போனும் வாசா-ஆரியும் மட்டும். முன்பு யூகோ பெற்றிருக்கக்கூடிய எறிகளெல்லாம் வாசா-ஆரி என்று பெயர் மாற்றிக்கொண்டன. நாணயத்தைக் குறைத்தால் விலை ஏறத்தானே செய்யும். எட்டு வருடம் அப்படி ஓடியது. 2025இல் யூகோ திரும்ப வந்துவிட்டது. இப்போது தரைப்பிடியில் ஐந்து வினாடி தாண்டினாலே யூகோ உண்டு. சின்ன வித்தியாசங்களைப் பதிய ஒரு கட்டம் இல்லாமல் முடியாது என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

மறைந்த எல்லாவற்றுக்காகவும் நான் வருந்துவதில்லை. 1990களின் இறுதிவரை சர்வதேசப் போட்டிகளில் பெண்களின் கறுப்புப் பட்டையின் நீளவாக்கில் ஒரு வெள்ளைக் கோடு ஓடும். ஆண்கள் பட்டையில் அது கிடையாது. இவள் கறுப்புப் பட்டைதான், ஆனாலும் பெண் என்று அந்தக் கோடு சொல்லிக்கொண்டே இருக்கும். அது போனது நல்லதுக்கு. ஏதென்ஸ் மேடையில் நின்ற பெண்கள் யார் இடுப்பிலும் அந்தக் கோடு இருந்திருக்கக் கூடாது, இருக்கவும் இல்லை. கோகாவை அந்தக் கோட்டோடு சேர்த்துப் பேச முடியாது. கோடு ஆட்டக்காரரின் மதிப்பைக் குறைத்தது. கோகா அவர் செய்த மிகச் சிறியதற்கும் மதிப்புக் கொடுத்தது.

பேனிஷ் விரிப்பை விட்டு இறங்கிய பிறகு பயிற்சியாளர் நாற்காலிக்குப் போனார். இஸ்ரேல் பெண்கள் அணியோடு வேலை செய்தார். 2021 தொடக்கத்தில் ஆஸ்திரிய தேசிய அணியின் தலைமைப் பயிற்சியாளரானார், ஆண்களுக்கும் பெண்களுக்கும் சேர்த்து. ஆண்கள் அணிக்கு ஒரு பெண் தலைமைப் பயிற்சியாளர் என்பது ஜூடோவில் இன்றும் அரிதாகத்தான் நடக்கிறது. அந்த வருடமே டோக்கியோவின் புடோகான் அரங்கில் அவருடைய ஆட்டக்காரர்கள் இரண்டு பதக்கம் வாங்கினார்கள். 81 கிலோவில் ஷமில் போர்ச்சாஷ்விலிக்கு வெண்கலம், 70 கிலோவில் மிகேலா போலரஸுக்கு வெள்ளி. போலரஸ் 2024 பாரிஸில் வெண்கலமும் சேர்த்துக்கொண்டார். ஜெர்மன் பெண்களைப் பொறுத்தவரை, ஹாக்னுக்குப் பிறகு வராத உலகப் பட்டத்தை 2021இல் புடாபெஸ்டில் அன்னா-மரியா வாக்னர் கொண்டுவந்தார். 2024இல் அபுதாபியில் மறுபடியும். இவர்கள் யாரும் உலக மேடையில் கோகா எடுத்தவர்கள் அல்ல. எடுக்க வழியும் இல்லை.

போலரஸின் டோக்கியோ ஆட்டங்களின் பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஓரிடத்தில் நிறுத்தினேன். எதிராளியின் கால் வாரப்பட்டது, இடுப்பு தரையில் பட்டது, உடனே புரண்டு எழுந்தாயிற்று. நடுவர் அசையவில்லை. பலகை மாறவில்லை. ஓடவிட்டு, பின்னால் கொண்டுபோய், மறுபடி பார்த்தேன். வேகம் இருந்தது, விசை இருந்தது, கட்டுப்பாடும் இருந்தது. என் கை, நான் நினைக்காமலேயே, முழங்கை விலாவோடு ஒட்டிப் பாதி உயர்ந்திருந்தது.

நோட்டில் இன்றும் நான்கு இலக்கம்தான் எழுதுகிறேன். வாசா-ஆரி வந்தால் 0100. 2017 முதல் மூன்றாவது இடத்தில் ஒரேயடியாகச் சுழியம் போட்டுக்கொண்டு வந்தேன். 2025இல் அந்த இடத்துக்கு உயிர் வந்தது, இப்போது 0010 என்று மறுபடி எழுத முடிகிறது. நான்காவது இடத்தில் இன்னும் சுழியம்தான் போடுகிறேன். விட மனம் வரவில்லை.